மொதல்ல வாத்தியாருக்குப் பாடம் எடுங்க

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்பெல்லாம் நெறிமுறைப் பாடம் நடத்துறாங்க. நல்ல சேதிதான். அந்தப் பாடத்தை யாருக்கு நடத்தணும்ங்கிறதுலதான் எனக்கு வழக்கு. தலைமடையில வாய்க்கால் உடைஞ்சு கெடக்குது. அதை விட்டுப்போட்டு, தண்ணி ஏன் வரலைனு கடைமடைக்காரனுக்கு வகுப்பு எடுக்கிற கதையா இருக்குது இது.

பத்தாவது படிச்ச பண்ணயக்காரனுக்கு மருத்துவப் படிப்பைப் பத்திப் பேச என்ன யோக்கியதைனு பட்டணத்துல இருந்து படிக்கிறவங்க சிலபேரு கேப்பீங்க. அந்தப் பிள்ளைகள் தொழில் பழகுறது எங்க உடம்புலதானுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டுல படுத்திருக்கிறது யாரு? காட்டு வேலைக்குப் போறவங்க, தறி ஓட்டுறவங்க, சித்தாள் வேலை பாக்கிறவங்க. நீங்க காசு கட்டித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. அங்க உங்களுக்கு வலிக்காம ஊசி போடுறாரே ஒரு டாக்டரு, அவரு வலிக்க வலிக்கப் போட்டுப் பழகினது எங்க கையில. அதனால பேசுறேன்.

2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றினார்கள். அப்போ இருந்த இந்திய மருத்துவக் கழகம் போட்ட திட்டம், இப்போ அதோட எடத்துல இருக்கிற தேசிய மருத்துவ ஆணையம் நடத்துது. அதுல 'ஏட்காம்'னு ஒரு பகுதி சேர்த்தாங்க. மனப்பாங்கு, நெறிமுறை, பேசிப் பழகுற முறை, மூணையும் ஒண்ணாக் கட்டி வச்ச பேரு அது. மொத்தம் 27 பாடம், மொத வருசத்துல இருந்து கடைசி வருசம் வரைக்கும். எங்க பங்காளி மக ஒருத்தி அரசுப் பள்ளியில படிச்சு, 2020ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல எடம் கெடச்சு மருத்துவம் படிக்குது. இப்ப மூணாவது வருசம். பொங்கலுக்கு வந்தப்ப அந்தப் புத்தகத்தைச் செல்லுல காட்டுச்சு. இங்கிலீசுல இருந்ததை அதுவே தமிழ்ல சொல்லிச்சு.

மருத்துவரா இருக்கிறதுன்னா என்ன, இது ஒரு பாடம். நோயாளியா இருக்கிறதுன்னா என்ன, இது அடுத்த பாடம். சடலமே நம்ம மொதல் ஆசிரியர்னு இன்னொண்ணு. இந்த மூணாவதைக் கேட்டதும் எனக்கு மனசு நெகிழ்ந்துதான் போச்சு. உடம்பைத் தானம் கொடுத்தவருக்குப் பல கல்லூரிகள்ல பிள்ளைகள் நின்னு உறுதிமொழி எடுத்து, மரியாதை பண்ணிட்டுத்தான் கத்தி வைக்கிறாங்களாம். ரொம்ப சரி. அப்படித்தான் செய்யணும். ஆனா மொதல் ஆசிரியர் செத்தவரு. உசுரோட கட்டில்ல படுத்திருக்கிறாரே ரெண்டாவது ஆசிரியர், அவருக்கு என்ன மரியாதைனு கேட்டேன். புள்ளை சிரிச்சுப்போட்டு வேற பேச்சுக்குப் போயிருச்சு.

அந்த ரெண்டாவது ஆசிரியரா எங்க அக்கா இருந்துச்சு. அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது, ஆனா எந்த ஊரு ஆஸ்பத்திரினு போடாத, பேரும் போடாத"னு சொல்லுச்சு. போடலை.

காட்டு வேலை செய்யிற பொம்பளைகளுக்கு வர்ற சங்கடம் ஒண்ணு இருக்குதுங்க. நாலு புள்ளை பெத்து, பெத்த ஒரு மாசத்துலயே தலைச்சுமை தூக்கி, வயசானதும் கர்ப்பப்பை கீழ எறங்கிரும். வெளிய சொல்ல மாட்டாங்க. துணியைச் சுருட்டி வச்சுக் கட்டிக்கிட்டுக் களை வெட்டுவாங்க. அக்காவுக்கு அப்படி ஆகி, மூணு வருசம் மறைச்சு வச்சு, எங்க வீட்ல கண்டுபிடிச்சு, கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நான் ஆம்பளை, வெளிய நின்னேன். உள்ள நடந்ததை எங்க வீட்ல அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

பெரிய டாக்டரு வந்தாரு. கூட எட்டோ ஒம்பதோ பிள்ளைகள், பாதிக்கு மேல பசங்க. திரைத்துணி இருந்துச்சு, இழுத்து விடலை. அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசலை. சேலையை ஒதுக்கச் சொன்னது ஆயா. பெரிய டாக்டரு இங்கிலீசுல பேசிக்கிட்டே காட்டினாரு, ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. இருமச் சொன்னாங்க, இருமிச்சு. மறுபடி இருமச் சொன்னாங்க. கூட்டத்துல ஒரு பொண்ணு, "அம்மா, நான் பாக்கட்டுங்களா?"னு தமிழ்ல கேட்டுச்சாம். அக்கா தலையாட்டறதுக்குள்ள அந்த டாக்டரு, "இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டிருந்தா சாயங்காலம் ஆயிரும், சீக்கிரம் பாரு"ன்னாரு. அதையும் தமிழ்லதான் சொன்னாரு. அது மட்டும் அக்காவுக்கு நல்லாப் புரிஞ்சுது.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. அக்கா போகலை. நாலு வருசம் ஆச்சு. இன்னைக்கும் துணிதான். சரி பண்ணக்கூடிய நோவு அது. மருந்து இல்லாமயோ, மிசின் இல்லாமயோ, டாக்டர் இல்லாமயோ அது நிக்கலை.

நெறிமுறைங்கிறது வைத்தியத்துக்கு மேல தூவுற கொத்தமல்லித் தழைனு நெனைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பொண்ணைப் பத்தி. அது கேட்டுச்சே, "பாக்கட்டுங்களா"னு. அதுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்கலாம், வீட்ல அம்மா சொல்லிக் கொடுத்திருக்கலாம். பாடம் ஏறித்தான் இருந்துச்சு. அதை எறக்கி விட்டது யாரு? அத்தனை பேரு முன்னாடி, ஒரே வாக்கியத்துல, அதோட வாத்தியாரு. இனி அந்தப் பொண்ணு கேக்குமா? மார்க்கு அவரு கையில இருக்குது, கையெழுத்து அவரு கையில இருக்குது. கூட நின்ன மத்த எட்டுப் பேருக்கும் அன்னிக்கு ஒரு நெறிமுறைப் பாடம் நடந்துச்சுங்க. 27 பாடத்துல எதுலயும் இல்லாத 28ஆவது பாடம். அதுதான் நிக்கும்.

இதைப் பங்காளி மககிட்டச் சொன்னேன். அது கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பெரியப்பா, நானும் இப்ப 'பெட் நம்பர் பதினாலு'னுதான் சொல்றேன். மொத வருசம் அப்படிச் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்"னுச்சு. அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்துல ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்களாம், 2009ல வந்துச்சாம். மாணவர்களுக்கு நோயாளி மேல இருக்கிற பரிவை வருசா வருசம் அளந்து பாத்திருக்காங்க. மொத ரெண்டு வருசம் பெருசா மாத்தமில்லை. மூணாவது வருசம் மடார்னு எறங்கிருச்சாம். மூணாவது வருசத்துல என்ன நடக்குது? வார்டுக்குள்ள போறாங்க. அதாவது நோயாளியை நேர்ல பாக்க ஆரம்பிச்சதும், நோயாளி மேல இருந்த பரிவு கொறையுது. இதைவிட ஒரு கேவலம் இருக்குதுங்களா? நோயாளியைப் பாத்ததால கொறையலைங்க. நோயாளிகிட்டப் பெரியவங்க எப்படி நடந்துக்கிறாங்கனு பாத்ததால கொறையுதுங்கிறது என்னோட கணக்கு.

ஏன்னா எந்தத் தொழிலும் அப்படித்தான் கைமாறுது. எங்கப்பா எனக்கு ஏர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தப்ப, எருதை இரக்கத்தோட நடத்தணும்னு ஒருநாளும் சொன்னதில்லை. உச்சி வெயில்ல நுகத்தடியை எறக்கினதும் எருதுகளைத் தொட்டிக்கு ஓட்டிட்டுப் போவாரு. அதுங்க குடிச்சு முடிச்சு மூச்சு விட்டதுக்கப்புறம்தான் சொம்பைத் தொடுவாரு. நான் பாத்துட்டு நின்னேன். அவ்வளவுதான் பாடம். பக்கத்துக் காட்டுக்காரரு தார்க்குச்சியில ஆணி வச்சுக் குத்துவாரு, அவரு மகனும் குத்துனான். அவனும் பள்ளிக்கூடத்துல ஜீவகாருண்யம் படிச்சவன்தான்.

மாட்டைப் பத்திப் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். எங்க ஊருக்கு வர்ற கால்நடை மருத்துவர் கட்டுத்தாரைக்குள்ள வந்ததும் மாட்டைத் தொட மாட்டாரு. கொஞ்சம் தள்ளி நின்னு பாப்பாரு. எத்தனாவது ஈத்து, தீனி எடுக்குதா, அசை போடுதா, சாணி எப்படிப் போகுது, கடைசியா எப்ப சினை ஊசி போட்டோம், எல்லாம் கேப்பாரு. மாடு பேசாதுங்கிறதால எங்ககிட்டக் கேக்கிறாரு, நாங்க சொல்றதை முழுசாக் கேக்கிறாரு. அப்புறம் பக்கத்துல போயி, குரல் கொடுத்து, முதுகைத் தடவி, தட்டிக் கொடுத்து, அது அடங்கினதுக்கப்புறம்தான் கையை வைப்பாரு. கொட்டாயில கன்னுக்குட்டி இருந்தா அதை அந்தப் பக்கம் கட்டச் சொல்லுவாரு. இவரு ஏட்காம் படிச்சவரில்லை. தொடுறதுக்கு முன்னாடி பழகலைன்னா மாடு உதைக்கும், பல்லு போயிரும்னு தெரிஞ்சவரு. எங்க அக்கா உதைக்கலை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்து சம்மதம். இதுக்கும் பாடம் வச்சிருக்காங்க. ஒரு பத்திரம் பதியப் போனீங்கன்னா சார்பதிவாளர் உங்களை நேர்ல நிக்க வச்சுக் கேப்பாரு. நீங்கதான் எழுதிக் கொடுக்கிறீங்களா, மனசாரத்தான் கொடுக்கிறீங்களா, பணம் வாங்கிட்டீங்களானு. அரை ஏக்கரா மேட்டாங்காட்டுக்கு அத்தனை கேள்வி. ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க. ஆபரேஷனுக்கு மொத நாள் ராத்திரி, படிச்சுட்டிருக்கிற பையன் ஒருத்தன் ஓட்டமா வந்து அச்சடிச்ச தாளை நீட்டுவான். "இங்க ஒரு கையெழுத்து, தெரியாட்டி கைநாட்டு." என்ன ஆபரேஷன், எதை எடுப்பாங்க, எதை விடுவாங்க, செய்யாட்டி என்ன ஆகும், வேற வழி இருக்குதா, ஒண்ணும் இருக்காது. அவனைக் குத்தம் சொல்லலை. அவனுக்கு அன்னிக்கு இருபது கையெழுத்து வாங்கணும். சம்மதம்ங்கிறது ஒரு தாளுனுதான் அவன் கத்துக்கிட்டு வர்றான்.

சட்டத்துல இல்லாததா? 2008 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்குல தீர்ப்புச் சொல்லிருக்குது. டெல்லியில ஒரு அம்மா உதிரப்போக்குனு போயிருக்காங்க. உள்ள என்ன கோளாறுனு பாக்கிறதுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்காங்க. அவங்க மயக்கத்துல இருக்கிறப்ப டாக்டரு வெளிய வந்து, அவங்களோட தாயார்கிட்ட ஒப்புதல் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் சம்மதம் ஆகாது, உசுருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்ப வயசுக்கு வந்த, சுயபுத்தியுள்ள ஒருத்தருக்காகப் பெத்த தாய் கூடச் சம்மதம் கொடுக்க முடியாதுனு கோர்ட்டு சொல்லிச்சு. நஷ்டஈடு 25,000 ரூபாய். அந்தக் காசுக்கு இன்னைக்கு எங்க சந்தையில நல்ல கறவை மாடு ஒண்ணு வராது, அது வேற விசயம்.

ஆனா மருத்துவர்களுக்குனு 2002இல் போட்ட நடத்தை விதி இருக்குதே, அதுல ஆபரேஷனுக்கு முன்னாடி யார்கிட்ட எழுத்து மூலமாச் சம்மதம் வாங்கணும்னு சொல்ற வரியைப் பாருங்க. கணவன் அல்லது மனைவி, சிறுவர்னா பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி. இந்த வரிசைதான். உடம்புக்குச் சொந்தக்காரர் கடைசியில நிக்கிறாரு. 2023 ஆகஸ்ட் மாசம் தொடக்கத்துல புதுசா ஒரு விதித் தொகுப்பு கொண்டுவந்தாங்க. ஜெனரிக் பேர்லதான் மருந்து எழுதணும்ங்கிறது மாதிரி விசயங்களுக்கு டாக்டர்கள் சங்கம் எல்லாம் சத்தம் போட்டதும், அந்த மாசமே நிறுத்தி வச்சுட்டாங்க. ஆக, பழைய வரிசைதான் நடக்குது. இதை வச்சுக்கிட்டுப் பிள்ளைகளுக்கு நோயாளியின் தன்னுரிமைனு பாடம்.

உறுதிமொழிக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2022 ஏப்ரல் கடைசியில மதுரை மருத்துவக் கல்லூரியில மொத வருசப் பிள்ளைகள் ஹிப்போகிரடிஸ் உறுதிமொழிக்குப் பதிலா சரகர் பேர்ல இருக்கிற உறுதிமொழியைச் சமஸ்கிருதத்துல எடுத்துட்டாங்கனு பெரிய ரகளை. முதல்வரை மாத்தினாங்க, அப்புறம் திருப்பி அதே எடத்துல போட்டாங்க. ஒரு வாரம் டிவியில அதுதான். கிரேக்கமா சமஸ்கிருதமானு சண்டை போட்டவங்கள்ல ஒருத்தராவது, அந்த உறுதிமொழியை யார் முன்னாடி எடுக்கிறாங்கனு கேட்டாங்களா? கலையரங்கத்துக்குள்ள, ஏசி போட்டு, மேடையில இருக்கிற பெரியவங்களைப் பாத்து எடுக்கிறாங்க. பத்திரம் எழுதிக் கொடுக்கிறவரு இருக்காரு, எழுதி வாங்குறவரு எடத்துலயே இல்லை. செல்லுமா அந்தப் பத்திரம்? சமஸ்கிருதம் எங்களுக்குப் புரியாது, சரி. இங்கிலீசு மட்டும் எங்க அக்காவுக்குப் புரிஞ்சுதா? வெளி நோயாளிச் சீட்டு வாங்க வரிசையில நிக்கிறாங்களே, அவங்களுக்கு எதிர்ல நின்னு, நல்ல தமிழ்ல, சத்தமா எடுங்க. "உன்னைக் கேக்காம உன்மேல கை வைக்க மாட்டேன்"னு ஒரு வரி சேத்துக்குங்க. அந்த வரி எந்தப் பழைய உறுதிமொழியில இருக்குது இல்லைனு எனக்குக் கவலை இல்லை.

இந்த எடத்துல டாக்டர் நண்பர்கள் கோவிச்சுக்குவாங்க. கூட்டத்தைப் பாத்தீங்களா, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்கிறோம், பயிற்சி டாக்டருங்க தூங்காம ரெண்டு நாள் தொடர்ச்சியா நிக்கிறாங்கம்பாங்க. ஒத்துக்கிறேன். ஆளு பத்தாது, கட்டில் பத்தாது. இன்னொண்ணும் சொல்லுவாங்க, ஞாயமானது. 2024 நவம்பர்ல கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில புற்றுநோய் டாக்டர் ஒருத்தரை, நோயாளியோட மகன் கத்தியால குத்தினான். அதுக்கு எந்த ஞாயமும் கிடையாது. எங்க ஊரு டீக்கடையில கூட ஒருத்தரும் அவனுக்குப் பரிஞ்சு பேசலை. டாக்டருக்குப் பாதுகாப்பு வேணும், ஆளு வேணும், தூக்கம் வேணும். அதுக்காகப் போராடினா நாங்களும் வந்து உக்காருறோம்.

ஆனா, "அம்மா, இவங்கெல்லாம் படிக்கிற பிள்ளைங்க, பாக்கட்டுமா?" இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கடிகாரத்தை வச்சுப் பாத்தேன். அஞ்சு செகண்டு. திரையை இழுக்க மூணு செகண்டு. எட்டு செகண்டு இல்லாத அளவுக்குக் கூட்டம்னா, அக்காவை ரெண்டு தடவை இரும வைக்க மட்டும் எப்படி நேரம் கெடச்சுது?

பணத்தைப் பத்தி நீட்ட விரும்பலை, உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல படிச்சு முடிக்கக் கோடி ரூபாய் ஆகுது. கோடி ரூபாய் வாங்கிக்கிட்டு, ரெண்டாவது வருசம் பேராசைப்படக்கூடாதுனு பாடம் நடத்துற வாத்தியாரு மொகத்தை எங்க வச்சுக்குவாரோ. மருந்துக் கம்பெனிகிட்டப் பரிசு வாங்கக்கூடாதுனு 2009லயே விதியில சேத்தாச்சு. உரக்கடைக்காரரு எந்தக் கம்பெனி மருந்துக்கு டூர் கூட்டிட்டுப் போறாங்களோ அதைத்தான் எங்க தலையில கட்டுவாரு. நாங்க அதைப் பாத்துப் பழகினவங்க. வாசனை தெரியும் எங்களுக்கு.

நல்லதும் இருக்குது, இல்லைனு சொல்லலை. வேலூர் சி.எம்.சி.யில மொத வருசப் பிள்ளைகளைக் கிராமத்துல கொண்டுவந்து தங்க வைக்கிறாங்க. நெறைய பேரு படிச்சு முடிச்சதும் ரெண்டு வருசம் சின்ன ஊரு மிஷன் ஆஸ்பத்திரிகள்ல வேலை செய்யணும்னு ஒப்பந்தமும் இருக்குது. அங்கயும் கொறை இருக்கும், மனுசங்க நடத்துறதுதானே. ஆனா அந்த ரெண்டு வருசத்தை யாரும் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ண முடியாது பாருங்க.

இதே யோசனையை 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் கையில எடுத்துச்சு. குடும்பத் தத்தெடுப்புத் திட்டம். ஒவ்வொரு மாணவரும் கிராமத்துல சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்துல திரும்பத் திரும்ப வந்து அவங்க ஆரோக்கியத்தைப் பாத்துக்கணும். காகிதத்துல படிச்சப்ப நான் கைதட்டினேன். போன வருசம் எங்க ஊருக்கும் ஒரு கல்லூரி வேன் வந்துச்சு. எந்தக் கல்லூரினு வேண்டாம்.

தங்கமான பிள்ளைகள். வெயில்ல அலைஞ்சு வந்துச்சுங்க, நாங்க மோர் கொடுத்தோம். ஆளுக்கொரு பாரம். கக்கூஸ் இருக்குதா, கட்டுத்தாரை வீட்ல இருந்து எத்தனை அடி, சோத்துக்கு முன்னாடி கை கழுவுறீங்களா. எதுத்த வீட்டு ஆத்தாவுக்கு எழுபது வயசு. அதுகிட்ட "கை கழுவுறீங்களா பாட்டி"னு கேட்டதுக்கு, "நீ காலை மிதியடியோட திண்ணையில வச்சிருக்கிறயே கண்ணு"னுச்சு. எல்லாரும் சிரிச்சோம், அந்தப் பையனும் சிரிச்சான். வெரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க, பிரசர் பாத்தாங்க, ஒரு சார் எல்லாரையும் நிக்க வச்சு போட்டோ எடுத்தாரு, வேன் கெளம்பிருச்சு. மூணு மாசம் கழிச்சு வேற பிள்ளைகள் வந்துச்சுங்க. மொதல்ல இருந்து அதே பாரம்.

அந்த ஆத்தா இன்னைக்கு வரைக்கும் என்னைப் பாக்கிறப்பெல்லாம் ஒரே கேள்விதான் கேக்குது: "ரத்தத்தை எடுத்துட்டுப் போனானே, என்னனு சொல்லவே இல்லையே அப்பனு?" நான் என்ன சொல்றது. ஒருத்தர் உடம்புல இருந்து ஒரு சொட்டு எடுத்தா அதோட பலனை அவங்களுக்குச் சொல்லணும்ங்கிறது எத்தனாவது பாடத்துல வருது? அந்தப் பிள்ளைக்கு அது தோணாமப் போனதுல எனக்கு வருத்தமில்லை, பத்தொம்பது வயசு. கூட வந்த சாருக்கும் தோணலை. அவரு பாரம் எத்தனை நெறஞ்சுதுனு எண்ணிக்கிட்டு இருந்தாரு.

அதனால நான் கேக்கிறது ஒண்ணும் பெருசில்லை. பாடத்தை நிறுத்தச் சொல்லலை, நடத்துங்க. நடத்துறவரு மொதல்ல வார்டுல பிள்ளைகள் பாக்கிறாப்புல கேட்டுட்டுத் தொடட்டும். கட்டில் பக்கத்துல நின்னு பேசுறப்ப, படுத்திருக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரித் தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் இங்கிலீசுக்குப் போகட்டும். 'நோயாளியா இருக்கிறதுன்னா என்ன' பாடத்துக்கு வகுப்பறையில சகமாணவனை நோயாளியா நடிக்க வைக்கிறாங்களாம். எதுக்கு நடிப்பு? பேராசிரியரும் பிள்ளைகளுமா ஒரு ராத்திரி வார்டு வராந்தாவுல, நோயாளிகூடத் தொணைக்கு வந்தவங்க நடுவுல பாயை விரிச்சுப் படுங்க. கொசுக்கடி, விடியக்காலம் "எந்திரி எந்திரி"னு வெரட்டுறது, உள்ள இருக்கிறவருக்கு என்ன ஆச்சுனு யாரைக் கேக்கிறதுனு தெரியாம முழிக்கிறது, எல்லாம் ஒரே ராத்திரியில முடிஞ்சுரும்.

அப்புறம் மார்க்கு. அதை யார் போடணும்ங்கிறதுதான் முக்கியம். எங்க ஊர்ல ஒருத்தரு இருக்காரு, சின்ன வயசுலயே இருதய வால்வுல கோளாறு. காதுல குழாய் வச்சுக் கேட்டா வித்தியாசமாச் சத்தம் வருமாம். அதனால மருத்துவப் பரீட்சைக்கு அவரைக் கூப்பிட்டு அனுப்புவாங்க. காலையில ஏழு மணிக்குப் போய்ப் படுக்கணும், சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தரா நெஞ்சுல குழாயை வைப்பாங்க. பஸ் காசும் சாப்பாட்டுக்குக் கொஞ்சமும் கொடுப்பாங்க. என்ன நோவுனு மெல்லக் கேட்டுப் பாக்கிற பிள்ளைகளும் உண்டாம். இவரு சொல்லிக் கொடுத்துப் பாஸானவங்க இருக்காங்கனு பெருமையாச் சொல்லுவாரு. கட்டில் பக்கத்துல ரெண்டு பரிசோதகர் உக்காந்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்டு மார்க்குப் போடுவாங்க. நடுவுல படுத்திருக்கிற இவரை யாரும் ஒண்ணும் கேட்டதில்லை.

நான் கேட்டேன். கடைசியாப் போனப்ப எத்தனை பேரு வந்து பாத்தாங்கன்னேன். பதிமூணு பேருன்னாரு. அதுல, சட்டையை வெலக்கட்டுங்களானு கேட்டது எத்தனை பேருன்னேன். அவரு யோசிக்கவே இல்லை.

"மூணு பேரு. ஒரு பொண்ணு மட்டும் குழாயை உள்ளங்கையில தேச்சுச் சூடு பண்ணிட்டு வச்சுது. அது பாஸாச்சானு தெரியலீங்க."